சிப்டு அக்காவுக்கு ஒரு இயக்குநர்

தையல் மேசை இழுப்பறையில் அளவு நாடாவைத் தேடிக்கொண்டிருந்தேன். கையில் வந்தது உன் கைவார், தொழிற்சாலையில் மணிக்கட்டில் கட்டுவோமே, அது. நீல எலாஸ்டிக், பழைய தொலைபேசிக் கம்பியைப் போலச் சுருண்ட வயர், உலோகக் குமிழின் மேல் நீ வெள்ளை மையால் வைத்த ஒரு சின்னப் புள்ளி. எல்லாருடைய வாரும் ஒரே ஆணியில் தொங்கும் இடத்தில் உன்னுடையது தனியாகத் தெரியவேண்டும் என்று வைத்தாய். மூக்கருகே கொண்டுபோனேன். அந்த ஸ்பிரிட் வாசனை இன்னும் இருக்கிறது. அல்லது இருப்பதாக நானே நினைத்துக்கொள்கிறேன்.

இன்றைக்குப் பார்த்து இது கையில் கிடைக்கவேண்டுமா என்று ஆச்சரியமாக இருந்தது. ஏனென்றால் இன்று காலைதான் கையெழுத்துப் போட்டேன். நம் படக்கதை நாயகி சிப்டு அக்கா சினிமாவுக்குப் போகிறாள்! அவளை யார் இயக்கவேண்டும் என்பதும் முடிவாகிவிட்டது. முடிவு செய்தது நான்தான். ஆள் யார் என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவள் நீ. இந்த ஒருமுறை பொறுத்துக்கொள்.

தயாரிப்பாளர் கோலாலம்பூர்க்காரி, நம்மைவிடச் சின்னவள். சிடாம் கிரி பஸ்ஸில் வந்துகொண்டிருந்த யாரோ ஒருத்தி, நாம் அந்தக் காலத்தில் நகலெடுத்துக் கொடுத்த இதழ்களைப் பத்திரமாக வைத்திருந்து, கைப்பேசியில் படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் தயாரிப்பாளர் பீடோங்குக்கே வந்துவிட்டாள். நானாவின் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து அவளுக்கு நம் அறையை விளக்குவதற்குள் பாலில்லாத என் தே ஓ ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிட்டது. சுங்கை பட்டாணியில் கணினிச் சில்லுகள் செய்யும் தொழிற்சாலை. தூசி நுழையக்கூடாத அறை. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, வெளியே தெரிவது இரண்டு கண்கள் மட்டும். நம் உடம்பில் தேங்கும் துளி மின்சாரம் பட்டாலே அந்தச் சில்லு செத்துப்போகும். அதனால் வேலை செய்யும் கையை விட்டுவிட்டு மற்றக் கையில் வாரைக் கட்டி, வயரை மேசையில் செருகிக்கொள்வோம். உடம்பில் சேரும் மின்சாரம் எல்லாம் அந்த வயர் வழியாகப் பூமிக்குப் போய்விடும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "எல்லாரும் ஒரே மாதிரி இருந்தா யாரு யாருன்னு எப்படித் தெரியும்?" என்றாள்.

"கண்ணப் பாத்தா தெரியும் லா. நான் நூறு பேர்ல ஆளக் கண்டுபிடிச்சிருவேன்" என்று மார்தட்டினேன். நான் எப்படிப் பேசுவேன் என்று உனக்குத்தான் தெரியுமே. இந்தப் பேச்சை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வரும்.

சிப்டு அக்கா பிறந்தது பஸ்ஸில். காலை சிப்டு முடிந்து பீடோங்குக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நீ ஜன்னலோரம். நான் உன் தோளில் பாதி, கனவில் பாதி. திடீரென்று என்னை உலுக்கினாய்.

"நம்ம ஒடம்புல சேர்ற கரண்டயெல்லாம் இந்த வாரு உறிஞ்சிக்கிதில்ல? கட்டாமலே இருந்தா என்னா லா ஆகும்?"

"சில்லு செத்துப்போவும். சூப்பர்வைசர் நம்மள சாவடிப்பாங்க. தூங்க விடு லா."

"அதில்ல. ஒருத்தி ஒரு நாள் முழுக்க கட்டாமலே இருந்தா? எல்லாம் அவ ஒடம்புலயே தங்கிட்டா?"

எனக்குத் தூக்கம் போய்விட்டது. பீடோங் வருவதற்குள் நாயகி தயார். பகலில் நம்மைப் போல வேலை செய்வாள், கையில் வார் இருக்கும், வயரை மட்டும் எதிலும் செருகமாட்டாள். சிப்டு முடிந்ததும் அதே வெள்ளை உடுப்பில் ஊரைக் காப்பாற்றுவாள். கண் மட்டும் தெரிவதால் ஒருவருக்கும் அடையாளம் தெரியாது. தொட்டால் திருடனுக்குச் சுரீரென்று இழுக்கும். என்னதான் தலைபோகிற சண்டையாக இருந்தாலும், அடுத்த சிப்டுக்குக் கார்டு அடிக்க நேரமாகிவிட்டால் "இருங்கடா, நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்க ஓடுவாள். அந்த வரி என்னுடையது. அதை எழுதிவிட்டு நானே சிரித்த சிரிப்பில் முன் சீட்டு அக்காமார் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நீ வரைய, நான் எழுத, பத்தொன்பது இதழ்கள். ஓர் இதழ் வெளிவரும் நாளில் நான்கு பஸ்களுக்கும் பிரதி போகவேண்டும். சிடாம் கிரி பஸ்ஸுக்கு முதலில் கிடைத்தால் பீடோங் பஸ்ஸில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

பென்சில் விவகாரம் நினைவிருக்கிறதா? இருக்காமல் என்ன. அந்த அறைக்குள் காகிதமும் பென்சிலும் கொண்டுபோவது மகா பாவம். எட்டாம் இதழின் ஒரு கட்டம் மனதில் நிற்காமல் துடிக்கிறது என்று, நீ உடுப்புக் கைக்குள் ஒரு துண்டுப் பென்சிலைச் சொருகிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாய். தூசி எண்ணும் கருவி லேசுப்பட்டதா? கத்த ஆரம்பித்துவிட்டது. வரிசையை நிறுத்தினார்கள். சூப்பர்வைசராக இருந்த மலாய்க்கார அக்கா எல்லாரையும் சுவரோரம் நிற்கவைத்துக் கண்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். நீயாகவே கையைத் தூக்கினாய். பென்சிலையும் காகிதத்தையும் பிடுங்கிக்கொண்டு போனவர், மதியம் கேண்டீனில் நம் மேசைக்கு வந்து நின்றார். வேலை போயிற்று என்று நான் கும்பிடாத சாமி இல்லை. அவர் அந்தக் காகிதத்தை மேசையில் வைத்து, மெல்ல, "லெப்பாஸ் து அபா ஜாடி?" என்றார். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்கிறார்! அன்றிலிருந்து ஒவ்வோர் இதழுக்கும் அவருக்கு மலாயில் கதை சொல்வது என் வேலையாகிவிட்டது.

நாம் சண்டை போட்டது ஒரே ஒரு முறை. அது மழையால் வந்தது. காற்றில் ஈரம் ஏறினால் உடம்பில் மின்சாரம் தேங்காது என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அப்படியானால் மழையில் அக்காவுக்குச் சக்தி கிடையாது என்று நீ ஒரே பிடியாக நின்றாய். நான் எகிறினேன். கெடாவில் மழைக்குப் பஞ்சமா? வாரத்தில் பாதி நாள் சக்தி இல்லாத நாயகியை எவள் படிப்பாள்?

"மழையில என்னா செய்வா, கொடை பிடிச்சிட்டு நிப்பாளா?" என்று கேட்டேன்.

"கத்துவா. கத்தறதுக்குக் கரண்டு வேணாம்" என்றாய்.

மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை. அந்த அறையில் முறைத்துக்கொள்வதற்குக் கூடக் கண்ணைத் தவிர வேறு எதுவும் இல்லை. நான் முறைப்பேன். உன் கண் சிரிக்கும். எரிச்சல் இன்னும் கூடும். நான்காம் நாள் திரும்பும்போது கொட்டு கொட்டென்று மழை. பஸ் கிளம்பிவிட்டது. நம் பஸ்ஸில் ஏறவேண்டிய ஒரு பெண், நிறைமாதம், கையை ஆட்டிக்கொண்டே வாசலிலிருந்து வந்துகொண்டிருந்தாள். டிரைவர் பார்க்கவில்லை. நாங்கள் எல்லாரும் ஐயோ, பாவம் என்று உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தோம். பேசினால் பக்கத்துச் சீட்டுக்குக் கூடக் கேட்காத நீ, எழுந்து நின்றாய்.

"ஆளு வருது, நிறுத்து!"

பஸ் நடு ரோட்டில் குலுங்கி நின்றது. அப்படி ஒரு குரலை அதற்கு முன்னால் நான் எந்தக் கோயில் திருவிழாவிலும் கேட்டதில்லை. அந்தப் பெண் ஏறி உட்காரும்வரை நின்றிருந்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்து, "பாத்தியா? கரண்டு வேணாம்" என்றாய். ஐந்தாம் இதழில் அக்கா மழையில் நனைந்துகொண்டே கத்தினாள். நான்கு பஸ்ஸிலும் கைதட்டினார்கள். நான் தோற்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு எதிலும் தோற்றதில்லை.

நீ போய் நான்கு மழைக்காலம் ஆகிறது. அதைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். உன் இல்லாமை எனக்கு இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். நீ போன பிறகு கோத்தா கோலா மூடா வீட்டில் உன் வீட்டுக்கார அண்ணன் உன் படங்கள் இருந்த பெட்டியையும் இந்த வாரையும் என்னிடம் கொடுத்துவிட்டார். சினிமா பேச்சு வந்ததும் அவரைத்தான் முதலில் போய்ப் பார்த்தேன். சிப்டு அக்காவில் உன் பாதிக்கு அவர்தானே உரியவர். மீன் வலையைச் சரிசெய்துகொண்டே, "நீயே பாத்துக்க தங்கச்சி. கதையில வர்ற அந்தச் சண்டக்கார பொம்பளய எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது வீட்டுல இருந்தவதான்" என்றார்.

தயாரிப்பாளரிடம் நான் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தேன். இயக்குநர் யார் என்பதற்கு நான் தலையாட்டவேண்டும். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது சிப்டு அக்கா ஒருத்திதான். தப்பான ஆள் கையில் கொடுத்துவிட்டால் ஊரே வேறு ஒருத்தியைப் பார்த்து, இவள்தான் சிப்டு அக்கா என்று நம்பிவிடும். அதற்குப் பிறகு நான் எங்கே போய் உன்னைத் தேடுவது?

முதலில் வந்தவர் பெரிய ஆள். பெரிய காடியில் வந்து இறங்கினார், கறுப்புக் கண்ணாடி, கூடவே உதவியாளர் இருவர். நானா கடையில் ரொட்டி சானாயை முள்கரண்டியால் சாப்பிட்டார். அதை மன்னித்துவிட்டேன். கதை சொல்ல ஆரம்பித்தார் பார், எனக்கு வாயில் ஈ போவது தெரியவில்லை. கோலாலம்பூரில் வானுயரக் கட்டடம், உச்சியில் அக்கா, தோளில் முப்பது அடிக்கு வெள்ளைத் துணி பறக்கிறது, பேய் மழை, மின்னல் நேராக அவள் தலையில் இறங்குகிறது, அந்தச் சக்தியில் அவள் பறக்கிறாள். நான் கைதட்டிவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், "எனக்குச் சம்மதம்" என்றே சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அந்தத் துணிக்கு எத்தனை மீட்டர் என்று தையல்காரி புத்தியில் கணக்குப் போட்டேன். போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. நம் அக்கா திருடனைத் துரத்துவது இரவல் மோட்டார் சைக்கிளில். முப்பது அடித் துணி முதல் முக்கிலேயே சங்கிலியில் மாட்டும். அப்புறம்தான் அதைவிடப் பெரியது உறைத்தது. மழை! மழையில் அவளுக்கு ஏது சக்தி? மூன்று நாள் முறைத்து, ஒரு பஸ்ஸையே நிறுத்தி நீ ஜெயித்த விஷயத்தை, ஒரு மின்னலைக் காட்டியதும் விட்டுக்கொடுத்துவிட்டேனே என்று வெட்கமாகிவிட்டது. உடனே தயாரிப்பாளரைக் கூப்பிட்டு, சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். "பெரிய டைரக்டர்கா, இன்னொரு தடவ யோசிங்க" என்றாள். யோசித்ததால்தான் வேண்டாம் என்கிறேன் என்றேன்.

இரண்டாமவர் விருதுகள் வாங்கியவர். மெல்லப் பேசினார். மழையில் சக்தி இல்லை என்பது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது. பிறகு, மழை இல்லாதபோதும் சக்தி வேண்டாம், அதெல்லாம் அவள் காணும் கனவாக இருக்கட்டும் என்றார். கடைசியில் அவள் ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்து நீண்ட நேரம் அழுகிறாளாம். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே, "இந்தப் பெண் ஏன் இவ்வளவு சிரிக்கிறாள்? இந்த வாழ்க்கையில் சிரிக்க என்ன இருக்கிறது?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டுக் கேட்டார்.

"ஐயா, நாங்க பஸ்ஸுல சிரிச்சிட்டேதான் போனோம். கால் வலிச்சிச்சு, சிரிச்சோம். நீங்க வேற யாரயாச்சும் அழ வைங்க" என்று எழுந்து கும்பிட்டேன். கோபம்தான். ஆனால் அவர் குடித்த தேநீரையும் சேர்த்து நான்தான் வாங்கிக் கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது ஆளைப் பற்றித் தயாரிப்பாளரே சுரத்தில்லாமல்தான் சொன்னாள். சுங்கை பட்டாணிப் பெண், கல்யாண வீடியோ எடுக்கிறவள், ஒரே ஒரு படம் எடுத்திருக்கிறாள், அதுவும் ஒரு வாரம் தாண்டவில்லை. "சும்மா பாத்துட்டு அனுப்பிருங்கக்கா" என்றாள். வந்தாள், மோட்டாரில், மழைக்கோட்டோடு. முப்பது வயதுக்கு மேல் இருக்கும். உட்கார்ந்ததும் ரொட்டி சொல்லிவிட்டு, கைப்பேசியை மேசையில் நிறுத்தி, "நீங்க பேசறத எடுத்துக்கலாமாக்கா?" என்றாள். பிறகு பையிலிருந்து பத்தொன்பது இதழ்களின் பிரதிகளையும் எடுத்து வைத்தாள். ஓரமெல்லாம் குழம்புக் கறை. படித்திருக்கிறாள்.

"அக்கா, ஒன்னு கேக்கணும். சிப்டு அக்கா இடது கைக்காரங்களா?"

"யாரு சொன்னா? இல்ல லா. நாந்தான எழுதினேன், எனக்குத் தெரியாதா?"

"வலது கையிலதான வாரு கட்டியிருக்காங்க. வேல செய்யாத கையிலதான கட்டுவீங்கன்னு எங்கம்மா சொன்னாங்க, அவங்களும் அங்க வேல செஞ்சவங்கதான். அப்போ நடிக்கிறவங்களும் இடது கைக்காரங்களா இருக்கணும். தேடணும், அதான் கேட்டேன்."

வரையும்போது மாறிப்போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டே பக்கத்தைப் புரட்டினேன். வலது மணிக்கட்டில் வார். அடுத்த பக்கம், வலது. எட்டாம் இதழ், வலது. பன்னிரண்டு, வலது. திருடனைத் தொடும் கை இடது. தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும் கை இடது. பேனா பிடிக்கும் கை இடது, இடது கைக்காரி நீ பிடிப்பது போலவே கட்டை விரலை உள்ளே மடித்துக்கொண்டு. அப்புறம் அந்தக் கண்களைப் பார்த்தேன். சண்டையின் நடுவிலும் சிரிக்கிற கண்கள். மூன்று நாள் நான் முறைத்தபோது என்னைப் பார்த்துச் சிரித்த அதே கண்கள்.

நூறு பேரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று மார்தட்டியவள் நான். பத்தொன்பது இதழ்கள், என் மூக்குக்கு முன்னால் நீ வெள்ளை உடுப்பில் நின்றிருக்கிறாய், எனக்குத் தெரியவில்லை! கள்ளி, ஒரு வார்த்தை சொன்னாயா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணீர் வரச் சிரித்தேன். நானா கல்லாவிலிருந்து எழுந்து வந்து, "என்னாம்மா, தண்ணி வேணுமா?" என்றார்.

அந்தப் பெண் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு ஐந்தாம் இதழை எடுத்தாள். "மழையில கத்துவாங்களே, அதுதான் படத்தோட உச்சம். அவங்ககிட்ட ஒன்னுமே இல்லாத நேரம். அந்தக் கத்தல் எப்படிக்கா இருக்கும்? ஒரு தடவ காட்டுங்களேன்."

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. கடையில் எல்லாரும் இருக்கிறார்கள், வெட்கமாக இருக்கிறது என்றேன். பொய். அந்தக் குரல் உன்னோடு போய்விட்டது என்று நினைத்திருந்தேன், அதைத் தொட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது. அவள் வற்புறுத்தவில்லை. "பரவால்லக்கா" என்று ரொட்டியைப் பிய்த்தாள்.

வெளியே மழை வலுத்திருந்தது. மதிய சிப்டுக்கான பஸ் கடைக்கு எதிரே நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு நகர்ந்தது. அப்போதுதான் பசார் பக்கமிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். புதுசு போலிருக்கிறது, வேற்று நாட்டுப் பிள்ளை, பஸ்ஸை எப்படிக் கூப்பிடுவது என்று கூடத் தெரியாமல் வெறுமனே ஓடினாள். குடை திரும்பிக்கொண்டது. பஸ் வேகம் பிடித்தது. நான் எதையும் நினைக்கவில்லை. எழுந்ததும் தெரியாது.

"ஆளு வருது, நிறுத்து!"

தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை உயர்த்தியபடியே நின்றுவிட்டார். உன் குரல்தான் அது, சத்தியமாகச் சொல்கிறேன், என் தொண்டையிலிருந்து வந்தது. ஆனால் பஸ் ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது, டிரைவருக்குக் கேட்டிருக்காது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அந்த இயக்குநர்ப் பெண் நாற்காலியைத் தள்ளிவிட்டு மழைக்குள் ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் பாதி ரொட்டி. மறு கையால் பஸ்ஸின் பக்கத்தைப் படார் படாரென்று அடித்துக்கொண்டே, நான் கத்தியதையே அவளும் கத்தினாள். பஸ் நின்றது. பிள்ளை ஏறிக்கொண்டது.

சொட்டச் சொட்டத் திரும்பி வந்து உட்கார்ந்தவள், மேசையில் நிறுத்தியிருந்த கைப்பேசியைப் பார்த்தாள். அது நான் எழுந்துபோன இடத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலையில் கை வைத்தாள்.

"அலாமாக்! வெளிய நடந்தத எடுக்க மறந்துட்டேன்கா!"

படம் எடுக்க வந்தவள், எடுக்க மறந்துவிட்டு ஓடினாள். அந்த இடத்தில் முடிவு செய்தேன். தயாரிப்பாளர் மூன்று முறை கேட்டாள், "நல்லாப் பாத்தீங்களா, நல்லாப் பாத்தீங்களா" என்று. கண்ணைப் பார்த்தேன், இந்தத் தடவை தப்பாது என்று சொல்லி இன்று காலை கையெழுத்துப் போட்டேன். போட்ட கையோடு அண்ணனையும் கூப்பிட்டேன். "அண்ணே, உங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னீங்களே அந்தச் சண்டக்கார பொம்பள, அவளும் வீட்டுல இருந்தவளும் ஒரே ஆளுதான்" என்றேன். உடனே, "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்" என்றார். புளுகு. இருவரும் சிரித்தோம்.

படப்பிடிப்பு அடுத்த மழைக்காலத்தில். இடது கைக்கார நடிகையைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். யார் கிடைத்தாலும் அந்த ஒரு கத்தலுக்கு மட்டும் என் குரல்தான் என்று இயக்குநர் சொல்லிவிட்டாள். எனக்கும் சம்மதம். அது போகவில்லையடி, என்னிடம்தான் இருக்கிறது.

அளவு நாடா இன்னும் கிடைக்கவில்லை. உன் வாரை வலது மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, இந்தக் கடைசி வரிகளை இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது போல இருக்கிறது, சிரிக்காதே. வயரை நான் எதிலும் செருகவில்லை.